சூதாடியும் நோயறிதலும்: திருக்குறள், பாரதக் கதை, நளன் கதை வழி ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் சூது பற்றிப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் அதனை அறத்தின் பக்கம் நின்றே நோக்கியுள்ளன. சூது ஒரு தீயொழுக்கம்; அதனை மேற்கொண்டவன் செல்வத்தையும் சிறப்பையும் இழந்தான்; ஆகவே அது விலக்கத்தக்கது என்னும் முடிவோடு அவ்வாய்வுகள் நிறைவுறுகின்றன. இம்முடிவில் பிழையில்லை. ஆயினும், இழப்பு கண்முன்னே நிற்கவும் சூதாடி ஏன் எழுந்து போவதில்லை என்னும் வினாவுக்கு இதில் விடையில்லை. எதனால் ஆடத் தொடங்கினான் என்பதற்கு விதியும், வஞ்சகரின் அழைப்பும், அரச மரபும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. எதனால் நிறுத்த இயலவில்லை என்பது கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

இவ்வினாவைத் தனக்குரிய முதன்மை வினாவாகக் கொண்டு கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்துள்ள துறை உளமருத்துவம். அத்துறை சூதாட்டத்தை நடத்தைசார் அடிமைநோய்களுள் முதலாவதாக ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வறிவைத் துணைக்கொண்டு திருக்குறளின் சூது அதிகாரத்தையும், தருமன், நளன் ஆகிய இரு சூதாடிகளின் கதைகளையும் மறுவாசிப்புச் செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய நூல்களில் இன்றைய மருத்துவத்தைக் கண்டெடுத்துப் பெருமை கொள்வது இதன் நோக்கமன்று. நோயறிதல் என்னும் கருவி இலக்கிய வாசிப்புக்கு எவ்வளவு உதவும், எவ்விடத்தில் உதவாது என்பதை வரையறுப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் பணி.

நோய் வகைப்பாட்டில் சூதாட்டம்

சூதாட்ட மிகையை நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்கும் முயற்சிக்கு அமெரிக்க உளமருத்துவர் இராபர்ட் கஸ்டர் முன்னோடியாவார். அவர் 1972ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்துப் பிரெக்ஸ்வில் நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சூதாடிகளுக்கான உள்நோயாளர் பிரிவைத் தொடங்கினார். சூதாடியின் வாழ்க்கை வெற்றிக் கட்டம், இழப்புக் கட்டம், நம்பிக்கையற்ற கட்டம் என மூன்று நிலைகளில் செல்வதாக அவர் விளக்கினார். 1980ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பு, சூதாட்ட நோயை முதன்முதலாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அப்போது அது உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாமை என்னும் வகையுள் வைக்கப்பட்டது.

2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் குறிப்பிடத்தக்க இடமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. சூதாட்டக் கோளாறு அவ்வகையிலிருந்து எடுக்கப்பட்டு, மது முதலிய போதைப்பொருள்களால் விளையும் நோய்களின் இயலில் சேர்க்கப்பட்டது. உடலுக்குள் எப்பொருளும் செல்லாத நிலையிலும் ஒரு நடத்தை, போதைப்பொருளைப் போன்றே மனிதனைப் பிணிக்க இயலும் என்பதை ஏற்றுக்கொண்ட மாற்றம் இது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அது சூதாட்டக் கோளாற்றையும் மின்னணு விளையாட்டுக் கோளாற்றையும் அடிமையாக்கும் நடத்தைகள் என ஒருசேர வைத்துள்ளது. தன் கட்டுப்பாட்டை இழத்தல், வாழ்வின் பிற அனைத்தினும் ஆட்டத்திற்கு முதலிடம் தருதல், தீங்கு விளைந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் அவ்வகைப்பாட்டின் அடிப்படைகளாகும்.

அமெரிக்கக் கையேடு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. பணயத்தை மேன்மேலும் உயர்த்த வேண்டியிருத்தல், குறைக்க முயலும்போது அமைதியிழத்தல், நிறுத்த முயன்று மீண்டும் மீண்டும் தோற்றல், ஆட்டத்தையே எண்ணிக்கொண்டிருத்தல், மனத்துயரின்போது ஆட்டத்தை நாடுதல், இழந்ததை மீட்க மறுநாள் திரும்பி வருதல், மறைப்பதற்காகப் பொய் கூறல், உறவையும் வேலையையும் கல்வியையும் இழத்தல் அல்லது இழக்கும் நிலைக்குக் கொணர்தல், பொருள் நெருக்கடியிலிருந்து மீளப் பிறர் கையை எதிர்பார்த்தல் என்பன அவை. பன்னிரண்டு மாதக் கால அளவில் இவற்றுள் நான்கேனும் இருந்தால் நோய் எனக் கொள்ளப்படும். நான்கு அல்லது ஐந்து இருப்பின் மிதமானது, ஆறு அல்லது ஏழு இருப்பின் இடைநிலையது, எட்டு அல்லது ஒன்பது இருப்பின் கடுமையானது எனவும் பகுக்கப்படும். பித்தேறிய மிகையெழுச்சி நிலையில் ஒருவன் ஆடினால் அதனை இந்நோயாகக் கொள்ளலாகாது எனவும் கையேடு எச்சரிக்கிறது.

இவ்வறிகுறிகளுள் எதுவும் இழந்த தொகையின் அளவைச் சுட்டவில்லை என்பது நோக்கத்தக்கது. செல்வன் பெருந்தொகை இழந்தும் நோயுறாதிருக்கலாம். ஏழை சிறுதொகை இழந்தே நோயாளியாகலாம். ஆட்டத்தோடு மனிதனுக்குள்ள உறவே அளக்கப்படுகிறது.

ஆட்டம் எல்லாம் நோயன்று

இவ்வேறுபாடு சங்க இலக்கியத்தைப் படிப்போர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 52ஆம் பாடல், பகைவரால் பாழ்பட்ட ஊரின் பொதியிலைக் காட்டுகிறது. அங்கு நரைத்த முதியவர்கள் காய் வைத்து ஆடியதால் குழிந்த வல்லாட்டக் களம் இப்போது ஆளற்றுக் கிடக்கிறது. அப்பாடலில் ஆட்டம் இழிவின் அடையாளமாக வரவில்லை. ஊர் உயிரோடிருந்ததற்கான சான்றாகவே வருகிறது. தரையில் குழி விழும் அளவுக்கு நெடுங்காலம் ஆடியவர்களை அப்புலவர் குறை கூறவில்லை. ஆட்டம் அவர்தம் முதுமையின் பொழுதை நிரப்பியது; அவர்தம் வாழ்வை அது விழுங்கவில்லை. ஆடும் கால அளவைக் கொண்டு மட்டும் நோயைத் துணிய இயலாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மூன்று மரபுவழி விளக்கங்கள்

சூதாடியின் வீழ்ச்சியை விளக்கத் தமிழ் மரபு மூன்று காரணங்களை முன்வைக்கிறது. முதலாவது அறக்குற்றம்: அவன் தன் புலன்களை அடக்காதவன். இரண்டாவது ஊழ்: விதி அவனை அவ்வழிச் செலுத்தியது. மூன்றாவது வஞ்சம்: சகுனி போன்ற ஒருவன் அவனை ஏமாற்றினான். நளன் கதையில் வரும் கலியை ஊழுக்கும் வஞ்சத்துக்கும் இடைப்பட்டதெனக் கொள்ளலாம்.

இம்மூன்றும் தம்முள் முரண்பட்டவை. அறக்குற்றம் என்றால் பொறுப்பு முழுதும் அவனுடையது. ஊழ் என்றால் பொறுப்பு எதுவும் அவனுடையதன்று. வஞ்சம் என்றால் பொறுப்பு எதிரிக்குரியது. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சூதாடியின் மனத்துள் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையில் நிகழ்வது என்ன என்பதை இவற்றுள் எதுவும் ஆராய்வதில்லை. அவ்விடைவெளியை நோக்கிய தமிழ் நூல் திருக்குறள் எனலாம்.

திருக்குறளின் சூது அதிகாரம்

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அதற்கு முன்னுள்ள 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 92ஆம் அதிகாரமாகிய வரைவின்மகளிரின் இறுதிக் குறள் (920), இருமனப் பெண்டிர், கள், கவறு ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் அடுக்கி, அவற்றின் தொடர்பு திருவால் நீக்கப்பட்டார்க்கு உரியது என்கிறது. எனவே கள்ளும் கவறும் அருகருகே நிற்பது அதிகார வைப்பால் மட்டும் நேர்ந்ததன்று. நூலாசிரியரின் கருத்திலேயே அவை ஓரினமாக எண்ணப்பட்டன என்பது தெளிவு. உண்ணும் பொருளையும் ஆடும் செயலையும் ஓரினமாக எண்ணுவதற்கு அவற்றின் புறவடிவில் ஒற்றுமை ஏதுமில்லை. மனிதனிடத்து அவை விளைக்கும் நிலையிலேயே ஒற்றுமை உள்ளது.

அதிகாரத்தின் முதற்குறள் (931) வென்றாலும் சூதை விரும்பற்க என்கிறது. வெற்றியைத் தூண்டிலின் பொன்னை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறது. இழப்பைக் காட்டி எச்சரிப்பது எளிது. குறளோ வெற்றியைக் காட்டி எச்சரித்துத் தொடங்குகிறது. கஸ்டர் குறிப்பிட்ட வெற்றிக் கட்டத்தின் முதன்மை இங்கு நினைக்கத்தக்கது. எப்போது வரும் என்று அறிய இயலாத பரிசு, தவறாமல் வரும் பரிசைக் காட்டிலும் ஒரு நடத்தையை உறுதியாக நிலைநிறுத்தும் என்பதை உளவியலாளர் பி.எப். ஸ்கின்னர் சோதனைகளால் விளக்கியுள்ளார். சூதாட்டக் கருவியையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் கூறியுள்ளார். ஆயினும் குறளின் உவமைக்கும் இவ்விளக்கத்திற்கும் வேறுபாடு உண்டு. மீன் ஒருமுறை விழுங்கி அகப்படுகிறது; சூதாடி பலமுறை விழுங்குகிறான். அவ்வேறுபாட்டை அடுத்த குறள் (932) ஒன்றைப் பெற்று நூற்றை இழக்கும் கணக்கால் நிரப்புகிறது.

937ஆம் குறளில் வரும் காலை என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் காலம் எனப் பொருள் கொள்வர். அறம் பொருள் இன்பங்களுக்கு உரிய காலம் சூதாடு களத்தில் கழியுமாயின் தொன்றுதொட்டு வந்த செல்வமும் பண்பும் கெடும் என்பது அவர் உரையின் கருத்து. வாழ்வின் பிற கடமைகளுக்கு உரிய காலத்தை ஆட்டம் கைப்பற்றுதல் என்பது, பன்னாட்டு வகைப்பாடு கூறும் முதலிடம் தருதல் என்னும் கூற்றோடு நெருங்கியது. 938ஆம் குறள் பொருள் கெடுதல், பொய்யை மேற்கொள்ளச் செய்தல், அருள் கெடுதல், அல்லலுறுதல் என ஒரு வரிசையைத் தருகிறது. இங்குப் பொய் தனிக் குற்றமாகக் கூறப்படாமல் சூதின் விளைவாகக் கூறப்படுவது கருதத்தக்கது. சூதாடி பொய்யனாகப் பிறந்தவன் அல்லன். சூது அவனைப் பொய்யனாக்குகிறது.

936ஆம் குறள் மற்றொரு வகையில் முதன்மை பெறுகிறது. அங்குச் சூதே முகடி என உருவகம் செய்யப்படுகிறது. மூதேவி வந்ததால் ஒருவன் சூதாடினான் என்பது மக்கள் வழக்கு. குறளில் சூதுக்கு வெளியே வேறொரு தெய்வம் இல்லை. அவனை மூடிக்கொண்டிருப்பது சூதேயாகும். ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த ஆசிரியர், சூது அதிகாரத்தில் ஊழைக் காரணமாகக் காட்டவில்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இறுதிக் குறளின் உவமை

அதிகாரத்தின் இறுதிக் குறள் (940), பொருளை இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் பெருகுவதையும், துன்பத்தில் உழலுந்தோறும் உயிர் உடம்பின்மேல் காதல் கொள்வதையும் ஒப்பிடுகிறது. இழந்ததை மீட்க மீண்டும் வருதல் என்னும் அறிகுறியோடு இதனை ஒப்பிடுவோர் உளர். அவ்வொப்பீடு பொருத்தமுடையதே. ஆயினும் குறளின் அமைப்பு அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது.

இக்குறளில் சூது உவமையாகவும் உயிரின் பற்று பொருளாகவும் நிற்கின்றன. சூதைப் பற்றிய அதிகாரத்தில் சூதே விளக்கப்படும் பொருளாக இராமல், வேறொன்றை விளக்கும் உவமையாக மாறுவது வியப்புக்குரியது. உவமை பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய உவமவியலின் கொள்கை. உவமை கேட்போர்க்கு நன்கு தெரிந்ததாகவும் இருத்தல் வேண்டும். எனவே இழப்பால் பற்று வளரும் என்பது அக்காலத்துக் கேட்போர் ஐயமின்றி அறிந்திருந்த செய்தி எனக் கொள்ளலாம். அதனினும் முதன்மையானது மற்றொன்று. உயிர் வாழ வேண்டும் என்னும் பற்றைக் காட்டிலும் மிகுதியாகத் தோன்றும் ஒரு பற்றையே ஆசிரியர் உவமையாகத் தேர்ந்துள்ளார்.

சூதாடிக்கு அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் இவ்வளவு இழந்தும் புத்தி வரவில்லையா எனக் கேட்பர். இழப்பு கூடக்கூட விலகுதல் இயல்பு என்பது அக்கேள்வியின் எடுகோள். குறள் அவ்வெடுகோளை மறுக்கிறது. இழப்பு அவனை விலக்குவதில்லை. இழப்பே அவனைப் பிணிக்கிறது. உயிர்ப்பற்றை அறிவுரையால் விடுவிக்க இயலாதது போலவே இப்பற்றையும் அறிவுரை மட்டும் விடுவிக்காது என்பது இவ்வுவமையின் உள்ளுறை எனலாம்.

கைத்திறனும் சட்டமும்

935ஆம் குறள் இல்லாகியவர்கள் விடாது பற்றிய மூன்றைக் கூறுகிறது: கவறு, கழகம், கை. கவறு கருவி, கழகம் ஆடும் களம், கை என்பது ஆடற்குரிய கைத்தொழில் என உரைகாரர் விளக்குவர். கருவியும் களமும் ஒருவனைக் கெடுக்கும் என்பது எளிதில் விளங்கும். கைத்திறன் ஏன் இப்பட்டியலில் இடம்பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது. அக்குறள் கைத்திறனைச் செருக்கோடு இணைத்தே கூறுகிறது. தான் வல்லவன் என்னும் நம்பிக்கை கெடுதிக்குக் காரணமான மூன்றனுள் ஒன்றாகிறது.

உளவியலாளர் எலன் லாங்கர் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தற்செயலால் முடிவாகும் நிகழ்வுகளிலும் மனிதர் தம் திறன் செல்லும் என நம்பும் இயல்பைக் கட்டுப்பாட்டு மயக்கம் எனச் சுட்டினார். சூதாட்ட நோய்க்குரிய சிகிச்சையில் இம்மயக்கத்தைக் களைவது முதன்மையான பகுதியாகும்.

இந்தியச் சட்டமோ நெடுங்காலம் வேறு வழியில் சென்றது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறன்சார்ந்த ஆட்டத்துக்கு விலக்களித்தது. 1968இல் உச்ச நீதிமன்றம் ஆந்திரப் பிரதேச வழக்கொன்றில் ரம்மி பெரிதும் திறன்சார்ந்த ஆட்டம் எனக் கூறியது. கைப்பேசியில் ரம்மி பரவியபோது இவ்வேறுபாடே வழக்கின் மையமாயிற்று. தமிழ்நாட்டில் இணையவழி ஆட்டங்களில் பணம் இழந்தோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்த நிலையில், 2022ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட தடைச்சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறன்சார்ந்தவை எனக் கொண்டு அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் திறன், தற்செயல் என்னும் வேறுபாடின்றித் தடைசெய்தது.

சட்டத்திற்கு அவ்வேறுபாடு தேவைப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. தொழில் உரிமையை வரையறுக்கும் கடமை அதற்கு இருந்தது. ஆனால் நோயறிதலுக்கு அவ்வேறுபாடு பயன்படாது. ஒன்பது அறிகுறிகளுள் எதுவும் ஆட்டம் திறன்சார்ந்ததா என்று கேட்பதில்லை. திறன் உண்டு என்னும் நம்பிக்கை அடுத்த ஆட்டத்தில் வெல்வேன் என்னும் எண்ணத்துக்கு உரமாகும்போது, அது காவலாக இராமல் கெடுதியின் ஒரு பகுதியாகிறது. 935ஆம் குறளில் கை என்னும் சொல் நிற்கும் இடத்தை இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம்.

தருமன்: மீட்பும் மீள்வீழ்ச்சியும்

பாரதக் கதையின் சூதை வில்லிபுத்தூரார் சூதுபோர்ச் சருக்கத்திலும், பாரதியார் பாஞ்சாலி சபதத்திலும் பாடியுள்ளனர். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இலும், முழுநூல் அவர் மறைவுக்குப் பின் 1924இலும் வெளிவந்தன. பாரதியாரின் நூலில் ஆசிரியரின் சினம் வெளிப்படையானது. நாட்டைப் பணயம் வைத்த மன்னனை, கோயில் சிலையை விற்கும் பூசகனுக்கும் தான் காக்கும் வீட்டை வைத்து இழக்கும் காவலனுக்கும் அவர் ஒப்பிடுகிறார். பணயமாக வைக்கப்பட்டோர் பக்கம் நின்று நோக்கும் இப்பார்வை, விடுதலைப் போராட்டக் காலத்துக்கு மிகவும் வேண்டியதாக இருந்தது. ஆயினும் அச்சினத்தின் வெளிச்சத்தில் தருமனின் மனநிலை பின்னுக்குச் சென்றுவிடுகிறது.

மகாபாரத சபாபருவத்தின் நிகழ்ச்சி வரிசை அம்மனநிலையைக் காட்டுகிறது. ஒவ்வோர் இழப்புக்குப் பின்னும் பணயம் உயர்கிறது. பொருள், படை, நாடு, தம்பியர், தான் என ஏறிச் செல்கிறது. தன்னை இழந்தபின், இன்னும் இழக்கப்படாத மனைவி இருக்கிறாள், அவளை வைத்து உன்னை மீட்டுக்கொள் எனச் சகுனி கூறுகிறான். சகுனியின் கையில் வஞ்சக்காய் இருந்ததாகக் கூறுவர். அவ்வஞ்சத்திலும் வலிமை வாய்ந்தது இச்சொல். இழந்ததை மீட்க இருப்பதையும் வைக்கச் சொல்லும் குரல், ஒவ்வொரு சூதாடியின் உள்ளத்திலும் ஒலிப்பது. சகுனி அதனை வாய்விட்டுச் சொன்னான்.

திரௌபதிக்கு அளித்த வரங்களால் திருதராட்டிரன் அனைத்தையும் திருப்பித் தருகிறான். கதை அங்கே முடிந்திருக்கலாம். மீண்டும் அழைப்பு வருகிறது, தருமன் மீண்டும் செல்கிறான், வனவாசம் நேர்கிறது. இரண்டாம் சூதை விதி எனக் கூறிக் கடந்துவிடுவது மரபு. சூதாடியின் கடனை உறவினர் முழுவதும் அடைத்துவிடுவது பல வேளைகளில் அவனை மீண்டும் களத்துக்கே அனுப்பும் என்பது சிகிச்சையாளர் கண்ட உண்மை. விளைவு நீக்கப்பட்டதே தவிர நோய் நீக்கப்படவில்லை. இரண்டாம் சூது இவ்வகையில் கதையின் தேவையற்ற மிகையாகாது. முதற் சூதின் இயல்பான தொடர்ச்சியாகும்.

வனபருவத்தில் தருமன் வீமனிடம் ஒப்புக்கொள்ளும் செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. துரியோதனனின் நாட்டைக் கவரும் விருப்பத்தோடு தான் கவற்றை ஏந்தியதாகவும், காய்கள் சகுனிக்கு இசைய விழுவதைக் கண்டபின்னும் சினத்தால் தன்னை நிறுத்த இயலவில்லை எனவும் அவன் கூறுகிறான். ஊழும் வஞ்சமும் ஒருபுறம் இருக்க, சூதாடியே தன்னிலை விளக்கம் தரும் அரிய இடம் இது. பின்னர் விராடனிடம் மறைந்து வாழும் காலத்தில் அவன் தேர்ந்த வேடம் மன்னனோடு சூதாடும் துணைவன் வேடமே என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவற்றைக் கொண்டு தருமனுக்கு நோய் இருந்தது எனத் துணியலாமா? துணிய இயலாது. இரு அமர்வுகளே காட்டப்படுகின்றன. ஓராண்டு நீடித்த நடத்தை காட்டப்படவில்லை. காப்பிய மாந்தன் ஆய்வறைக்கு வரும் நோயாளியும் அல்லன். அறிகுறிகள் இங்கு நோயைத் துணிவதற்குப் பயன்படவில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையிலுள்ள தொடர்பைக் காண்பதற்கே பயன்பட்டன.

நளன்: நிறுத்தியவன்

வனத்தில் வருந்தும் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் கூறும் ஆறுதல் கதையாகவே மகாபாரதத்தில் நளன் கதை வருகிறது. சூதாடிக்குச் சூதாடியின் கதை மருந்தாகக் கூறப்படுகிறது. சிலப்பதிகார ஊர்காண் காதையில் கவுந்தியடிகள் கோவலனுக்கு ஆறுதல் கூறும்போதும் சூதில் நாடிழந்து மனைவியோடு காடு சென்றவனை எடுத்துக்காட்டுகிறார். தனக்கு நேர்ந்தது பிறர்க்கும் நேர்ந்தது என்னும் அறிவே இவ்விடங்களில் ஆறுதலாகிறது.

புகழேந்தியின் நளவெண்பாவில், கால் கழுவுதலில் நேர்ந்த சிறு குறையைக் கண்டு கலி நளனுள் புகுகிறான். அமைச்சர் காமம், கள், பொய் முதலியவற்றோடு கவறாடலையும் சேர்த்துச் செம்மை நினையாதார் நெறி எனத் தடுக்கின்றனர். நன்மையோ தீமையோ வருக, ஆட இசைந்துவிட்டோம் என்னும் பொருள்பட நளன் மறுமொழி தருகிறான். குறள் சூதையே முகடி என்றது. நளவெண்பா சூதுக்கு வெளியே கலியை வைத்தது. இதனால் நளன் பழியிலிருந்து காக்கப்படுகிறான். நல்லவனும் இந்நிலைக்கு ஆளாகலாம் எனக் கூறுவதற்குக் கவிஞர்க்குக் கிடைத்த வழி அதுவே.

அனைத்தும் இழந்தபின் தமயந்தியைப் பணயம் வைக்குமாறு புட்கரன் கேட்கிறான். நளன் இனிச் சூதில்லை என எழுந்து அவளோடு வெளியேறுகிறான். தருமன் எழாத இடத்தில் நளன் எழுந்தான். கலி இன்னும் அவனுள் இருக்கும்போதே இது நிகழ்கிறது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கலியே முழுக்காரணம் என்றால் இவ்வெழுச்சிக்கு இடமில்லை. பிணிக்கப்பட்டவனிடத்தும் எழும் ஆற்றல் ஓரளவு எஞ்சியிருக்கும் என்பதைக் கவிஞரின் கதையே காட்டிவிடுகிறது. நோய் எனக் கூறுவது பொறுப்பை முற்றும் நீக்குவதாகாது என்பதற்கு இலக்கியச் சான்று இவ்விடம்.

ஆயினும் நளன் கதையின் முடிவை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். இருதுபன்னனிடம் எண்ணும் கலையையும் கவற்றின் நுட்பத்தையும் கற்றபின் கலி நீங்குகிறான். நளன் மீண்டும் ஆடி நாட்டை வெல்கிறான். மகாபாரத வடிவில் அவ்விறுதி ஆட்டத்துக்குத் தமயந்தியையே பணயமாக அவன் கூறுகிறான். ஒரு நுட்பம் கைவந்தால், ஒரே ஓர் ஆட்டத்தில் அனைத்தையும் மீட்கலாம் என்பது நோயுற்ற ஒவ்வொருவரும் காணும் கனவு. காப்பியம் அக்கனவை நனவாக்கி முடிகிறது. கதைக்கு அது இனிய முடிவு. கேட்போருள் ஒரு சூதாடி இருந்தால் அவனுக்கு அது ஆபத்தான முடிவு. நளன் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் செல்லலாகாது.

ஒப்பீட்டின் வரம்புகள்

நவீன அறிவியல் கண்டதை நம் முன்னோர் அன்றே சொன்னார் என நிறுவும் போக்கு தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. இவ்வொப்பீட்டையும் அவ்வாறு பயன்படுத்த வாய்ப்புண்டு. அது பொருந்தாது. ஒன்பது அறிகுறிகளுள் பொய், உறவும் வாழ்வும் கெடுதல், இழப்பைத் துரத்துதல் ஆகியவையே குறளில் தெளிவாக உள்ளன. நிறுத்த முயன்று தோற்றல், குறைக்கும்போது அமைதியிழத்தல், துயரின்போது ஆட்டத்தை நாடுதல் ஆகியவை அங்கில்லை. இனி ஆடேன் எனத் துணிந்தவன் காய்களின் ஒலி கேட்டதும் மீண்டும் செல்லும் காட்சியை இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துச் சூதாடியின் பாடலிலேயே காண்கிறோம். மேலும் குறளின் சூது அதிகாரம் பொருட்பாலில் ஆட்சிக்குரியவனை முன்னிறுத்தியது; சிகிச்சை கூறும் நோக்கம் அதற்கில்லை. அடுத்து வரும் 95ஆம் அதிகாரம் மருந்து ஆயினும், அது வளி முதலியவற்றின் மிகை குறைகளையும் அளவறிந்து உண்ணுதலையும் பேசுவது. சூதுக்கு மருந்து கூற அது எழுந்ததாகக் கொள்வது வலிந்து பொருள் கொள்ளுதலாகும்.

ஆயினும் அவ்வதிகாரத்தின் 948ஆம் குறள் கூறும் முறை, அதாவது நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்தல், எந்நோய்க்கும் உரியது. சூதாடியிடத்து அம்முறையைப் பின்பற்றாமல் நேரே தீர்ப்புக்குச் செல்வது நம் வழக்கமாக இருந்து வருகிறது.

முடிவுரை

சூதாடியின் வீழ்ச்சியை அறக்குற்றம், ஊழ், வஞ்சம் என்னும் மூன்றால் விளக்கும் மரபு, அவன் நிறுத்த இயலாமையை விளக்கவில்லை. திருக்குறள் கள்ளையும் கவற்றையும் ஓரினமாக எண்ணியது. சூதுக்கு வெளியே காரணம் தேடவில்லை. இழப்பே பற்றை வளர்க்கும் என்பதை உயிர்ப்பற்றுக்கு உவமையாக்கியது. தருமன் கதையின் இரண்டாம் சூது, விளைவை நீக்குவது நோயை நீக்குவதாகாது என்பதைக் காட்டுகிறது. நளன் எழுந்து வெளியேறியமை, பிணிப்பிலும் எஞ்சும் ஆற்றலைக் காட்டுகிறது.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் 2014ஆம் ஆண்டு மின்னணுக் கருவிகளின் மிகைப்பயன்பாட்டுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியது. சிகிச்சைக்கு வழி உள்ளது. அவ்வழிக்கு வருவோரைத் தடுப்பனவற்றுள் நாணமும் ஒன்று. மறைத்துப் பொய் கூறல் நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக இருக்கையில், சூதாடி என்னும் சொல்லை வசையாக மட்டும் கற்பிக்கும் வகுப்பறை அம்மறைப்புக்குத் துணை செய்வதாகிவிடும். பள்ளியிலும் கல்லூரியிலும் சூது அதிகாரத்தைப் பயிலும் மாணவர் பலர் கையில் இன்று கைப்பேசி உள்ளது. அவர்தம் இல்லங்களில் இழப்பைத் துரத்திக்கொண்டிருப்போரும் இருக்கக்கூடும். 940ஆம் குறளை இழிவுரையாகக் கற்பிப்பதா, ஒரு மனநிலையின் விளக்கமாகக் கற்பிப்பதா என்பது உரைவேற்றுமை மட்டுமன்று. முன்னது அவர்களை மேலும் ஒளிந்துகொள்ளச் செய்யும். பின்னது உதவி கேட்கச் செய்யலாம்.